பாட்டன் பிறந்ததற்குச் சீட்டு எங்கே?
(மதுரை மில் வாசல் கூட்டத்தில் பேசியது)

தோழர்களே! பாட்டனார் பிறந்ததற்குச் சீட்டு வைத்திருப்பவர் யார்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம். ஒரு கையும் காணோம். நம்மிடமும் கிடையாது.

1948ல் சிலோன் சர்க்கார் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடம் இதைத்தான் கேட்டது. அங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாதாம். தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும்! லயத்து இருட்டறையில் பிள்ளை பெற்றவளுக்கு எந்த ஆபீஸ் சீட்டு எழுதிக் கொடுத்தது?

யார் இவர்கள்? மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து, கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கடல் தாண்டிய நம் ஜனங்கள். 1947 தேர்தலில் அவர்களுடைய சிலோன் இந்தியன் காங்கிரஸ் ஏழு ஸ்தானங்களைப் பிடித்தது. வேறு தொகுதிகளில் தோட்டத்து ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. சேனநாயகா சர்க்காருக்குப் பொறுக்குமா? அடுத்த வருஷம் பிரஜா உரிமை போயிற்று. 1949ல் ஓட்டும் போயிற்று. கொழுந்து பறிக்கும் கை வேண்டும், ஓட்டுப் போடும் கை வேண்டாம்! 1949ல் வந்த இரண்டாவது பிரஜா உரிமைச் சட்டத்தை மந்திரி ஜி. ஜி. பொன்னம்பலமும் ஆதரித்தார். அவரும் தமிழர்தான்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டுக்கிடையைப் பிரிப்பவன் ஆட்டையா கேட்பான்?

அக்கரைக் கதைதானே என்று எண்ணாதீர்கள். ஆனையூருக்கும் திருவாதவூருக்கும் போய்ப் பாருங்கள். 1983 கலவரத்துக்குப் பின் தோணியேறி வந்தவர்கள் முகாமில் இருக்கிறார்கள். மலையகத்துத் தோட்டக் குடும்பங்களும் அகதிகளாய் வந்தன. இங்கேயும் சட்டம் இறுகிற்று. 1987 ஜூலை 1க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிரஜை. அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது பிரஜையாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக்கூடாது. உயிர் தப்பி வந்தவள் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா தோணியேறுவாள்?

2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த முஸ்லிமல்லாதாருக்கு வழிவிட்டது. இலங்கையிலிருந்து வந்தவருக்கு அதில் இடமில்லை. அதே வருஷம் ஜூனில், இந்திய வம்சாவளியினர் 65 பேர் போட்ட வழக்கில், அவர்கள் கோரிக்கையைப் பரிசீலிக்கும்படி மதுரை ஐகோர்ட் கிளை உத்தரவிட்டது. ஆக, மனுப் போட வழியுண்டு.

உங்கள் வீட்டுப் பெரியப்பன், சின்னத்தாத்தன் யாரேனும் தோட்டத்துக்குப் போயிருப்பார். பரணில் பழைய கடுதாசி, பெயர் போட்ட நிலப்பத்திரம், மணியார்டர் ரசீது கிடக்கும். கறையானுக்கு விடாமல் யூனியன் ஆபீசுக்கு எடுத்து வாருங்கள். மனு எழுத நாம் உட்கார்ந்திருக்கிறோம்.