வேலை இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

(சிறுதொழில் முதலாளிகளுக்காகவும் மேலாளர்களுக்காகவும் நம் அறக்கட்டளை நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது தோலாலும் ஷூவாலும்தான். வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் இங்கே ஆள் குறைப்பு வருகிறது. அதைத் தடுப்பது எல்லா நேரமும் முதலாளி கையில் இல்லை. ஆனால் அந்தச் செய்தியை எப்போது, எப்படிச் சொல்வது என்பது அவர் கையில்தான் இருக்கிறது.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் நடத்திவந்த தையல் கூடத்தை மூட வேண்டும் என்பது ஷஃபான் மாதத்திலேயே முடிவாகிவிட்டது. நோன்பு நேரத்தில் மனதை நோகடிப்பானேன், பெருநாள் கழியட்டும் என்று பேசாமல் இருந்தோம். இரக்கம் என்றுதான் நினைத்தோம். அங்கே வேலை பார்த்த ஒரு சகோதரி, சம்பளம் வரும் என்ற நம்பிக்கையில் குழுக்கடன் வாங்கி, ஒழுகிக்கொண்டிருந்த கூரையை மாற்றிவிட்டார். பெருநாள் முடிந்த நான்காம் நாள் விஷயத்தைச் சொன்னோம். அவர் அழவில்லை. "ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா இந்தக் கடனை வாங்கியிருக்க மாட்டேனே பாய்" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

ஆகவே, முடிவு உறுதியானதும் சொல்லிவிடுங்கள். நீங்களே சொல்லுங்கள். சூப்பர்வைசரை விட்டுச் சொல்வது, வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, காலையில் வந்தவரை வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்புவது, இவை எதுவும் வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதல் இரண்டு வாக்கியத்திலேயே விஷயத்துக்கு வந்துவிடுங்கள். டீ வரவழைத்துக் கால் மணி நேரம் குடும்ப நலம் விசாரித்தால் கேட்பவருக்கு வயிறு கலங்கும்.

இன்னொன்று. திரும்பக் கூப்பிடும் எண்ணமே இல்லாதபோது, "இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். நம் ஆட்கள் அதை நம்பி மூன்று மாதம் வேறு வேலை தேடாமல் காத்திருக்கிறார்கள். இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

கணக்கையும் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆள் குறைப்பில் நிறுத்தினால், ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும், இல்லையேல் அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. இது சட்டம். பெரிய ஆலைகளுக்கு இதைவிடக் கூடுதல் விதிகள் உண்டு. கிராஜுவிட்டி, பி.எஃப். சேர வேண்டியிருந்தால் அதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை போனது என்று கேட்டபின் மற்ற எதுவும் காதில் ஏறாது. தாள் இருந்தால் வீட்டில் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். தயவு செய்து தருவதுபோல் மட்டும் தராதீர்கள். அது அவருடைய பணம்.

அனுபவச் சான்றிதழை அன்றைக்கே கொடுங்கள். வேறு இடத்தில் விசாரித்துச் சொல்ல முடியுமென்றால், அவர் சம்மதத்தோடு பெயரை எங்கள் அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள்.

அந்தச் சகோதரியின் கடன் தவணையை இப்போது நாங்கள் கட்டிவருகிறோம். இன்னும் ஏழு தவணை பாக்கி. உதவிக் கணக்கில் அதை எழுதவில்லை.