புகைக்கும் கணக்கு உண்டு



ஆலைப் புகை வயலில் விழுந்தால் நஷ்டம் யாருக்கு? “காற்றோடு போகிற புகைக்கு ஏது கணக்கு?” என்பார்கள் முதலாளிகள். அந்தக் கணக்கைத் தீர்ப்பிலேயே எழுத வைத்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

கனடாவில் டிரெயில் என்ற ஊர். ஈயமும் துத்தநாகமும் உருக்கும் பெரிய ஆலை அங்கே இருக்கிறது. 7 மைல் தெற்கே அமெரிக்க எல்லை. 1925-லும் 1927-லும் 409 அடி உயரப் புகைபோக்கிகள் இரண்டை எழுப்பினார்கள். 1930-ல் நாளொன்றுக்கு 300 டன்னுக்கு மேல் கந்தகம் காற்றில் கலந்தது. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒரு வாய்க்கால் மாதிரி. அதன் வழியே புகை இறங்கி, வாஷிங்டன் மாநில விவசாயிகளின் நிலத்தில் படிந்தது.

கந்தகப் புகை இலையின் நுண்துளை வழியே உள்ளே போகும். பச்சை வெளுக்கும், இலை கருகும். இலையே கெட்டால் மணி எங்கே பிடிக்கும்? உழவு, விதை, கூலி எல்லாம் போட்டு முடித்த பிறகு வருகிற நஷ்டம் இது. அதனால்தான் சிறு விவசாயியை அப்படியே சாய்த்துவிடுகிறது.

விவசாயிகள் சங்கமாகக் கூடினார்கள். இரண்டு அரசாங்கங்களும் தலையிட வேண்டியதாயிற்று. 1931-ல் இரு நாட்டுக் கூட்டுக் கமிஷன் 3,50,000 டாலர் கொடுக்கச் சொன்னது. புகை நிற்கவில்லை. பிறகு நடுவர் மன்றத்தில் அமெரிக்கா கேட்டது 21 லட்சம் டாலர். 1938-ல் கிடைத்தது 78,000. யானைப் பசிக்குச் சோளப்பொரி! ஆனால் 1941 தீர்ப்பு கம்பெனியின் கையைக் கட்டியது. பயிர் வளரும் பருவத்தில் இவ்வளவுதான் புகை விடலாம், காற்றைப் பார்த்தே விடவேண்டும், கருவி வைத்து அளக்கவேண்டும் என்றது.

வேடிக்கையைக் கேளுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே கம்பெனி அந்தப் புகையைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி, அமோனியம் சல்பேட் உரம் செய்து விற்கத் தொடங்கிவிட்டது! பயிரைக் கருக்கிய கந்தகம் பயிருக்கே உரமாக மூட்டையில் வந்தது. முடியாத காரியம் ஒன்றுமில்லை. அதுவரை செலவழிக்க மனமில்லை, அவ்வளவுதான்.

“புகையைக் கட்டுப்படுத்தினால் ஆலையை மூடவேண்டியதுதான், உங்கள் வேலை போய்விடும்” என்று மில் தொழிலாளியிடம் சொல்வார்கள். டிரெயில் ஆலை மூடப்படவில்லை. இன்றும் ஓடுகிறது.

ஒரு குறையும் உண்டு. நிலம், காடு, கால்நடை, ஊர்ச் சொத்து, வியாபாரம் என்று அந்த வழக்கில் தலைப்புப் போட்டு நஷ்டஈடு கேட்டார்கள். அறுப்பில்லாமல் கூலியாள் இழந்த வேலை நாளுக்கு அதில் தலைப்பே இல்லை. உங்கள் ஊரில் இப்படி மனு எழுத நேர்ந்தால், நிலத்துக்காரர் பெயரோடு அறுப்புக்குப் போகிறவர்களின் பெயரையும், அவர்கள் இழந்த நாட்களையும் சேர்த்து எழுதுங்கள்.