எல்லை கடந்து வரும் நோய்க்கிருமிகள்

துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வந்திறங்கும் பண்டங்களைச் சுங்க அதிகாரிகள் திறந்து சோதிப்பதை நேயர்கள் அறிவார்கள். மறைத்துக் கொணரும் பொன்னையும் பட்டையும் அவர்களுடைய கண்கள் கண்டுபிடித்துவிடும். ஆனால், விரலளவான குப்பி ஒன்றினுள் அடங்கியிருக்கும் நோய்க்கிருமியை எந்தக் கண் காணும்? அதனைத் திறந்து பார்ப்பதே பேராபத்தாக முடியலாம். ஆதலால், இத்தகைய பொருள்களைப் பற்றிய விசாரணை, அவை புறப்படுவதற்கு முன்னரே நடந்து முடிதல் வேண்டும். இறக்குமதி அனுமதிப்பத்திரம் என்னும் ஏற்பாட்டின் நோக்கம் இதுவே.

இவ்வேற்பாட்டின் அவசியத்தை 1967ஆம் ஆண்டில் நிகழ்ந்த துயரம் ஒன்று நன்கு உணர்த்துகின்றது. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து முதலியவற்றை ஆக்குவதற்கும் ஆராய்வதற்கும் குரங்கின் சிறுநீரகக் கலங்கள் அக்காலத்தில் பயன்பட்டு வந்தன. அதற்கென ஆபிரிக்காவின் உகண்டா நாட்டிலிருந்து குரங்குகள் மேற்கு ஜேர்மனியின் மாபேர்க், பிராங்போர்ட் நகரங்களுக்கும், யூகோசிலாவியாவின் பெல்கிரேட் நகருக்கும் விமானமூலம் அனுப்பப்பட்டன. ஆகஸ்ட் மாதத்தில் ஆய்வுகூட ஊழியர்கள் கடுங்காய்ச்சலால் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். குரங்குகளின் குருதியையும் உறுப்புகளையும் கையாண்டோர் முதலிற் பீடிக்கப்பட்டனர். நோயாளரைப் பராமரித்தோர் சிலரையும் நோய் பற்றிக்கொண்டது. முப்பத்தொருவர் நோயுற்றனர், எழுவர் மாண்டனர். அன்று வரை மருத்துவ உலகம் அறியாத வைரசு அது. மாபேர்க் நகரின் பெயரையே பின்னர் பெற்றது. உயிர் காக்கும் மருந்துக்கென வந்த பொருளே உயிர் கவர்ந்தது.

எனினும், இக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அவ்வைரசை அறிஞர்கள் சில மாதங்களுக்குள் இனங்கண்டது எவ்வாறு? நோயாளரிடம் பெற்ற மாதிரிகள் வேறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்பட்டமையாலேயே அது கைகூடிற்று. ஹம்பேர்க் நகரின் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதன் நூல் போன்ற உருவத்தைக் காட்டிற்று. எல்லை கடந்து வந்த பொருளால் நோய் பரவியது. ஊர் கடந்து சென்ற மாதிரியால் நோயின் உண்மை வெளிப்பட்டது. ஆகவே, எல்லைகளை அடைத்துவிடுவது அறிவுடைமை ஆகாது. வருவது முறைப்படி வருதல் வேண்டும்.

அந்த முறை யாது? ஐக்கிய அமெரிக்காவின் விதிகளை உதாரணமாகக் கொள்ளலாம். மனிதருக்கு நோய் விளைவிக்கும் கிருமியாயினும், அது அடங்கிய பொருளாயினும், அதனைப் பரப்பவல்ல நுளம்பு, வௌவால் போன்ற உயிராயினும், நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி அந்நாட்டினுள் கொண்டுவர முடியாது. அப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பொருளை அனுப்புபவர் அல்லர், பெறுபவரே. கிருமியின் ஆபத்துக்கு ஏற்ற பாதுகாப்பு ஒழுங்குகள் அவரிடத்தில் உண்டா என்பதை அறிய அதிகாரிகள் நேரிற் சென்று சோதிக்கவும் கூடும். நீர் கசியாத கலம், அதனைச் சூழ உறிஞ்சும் பொருள், அதற்கு வெளியே இன்னொரு கலம், யாவற்றையும் காக்கும் உறுதியான பெட்டி என்றவாறு பொதி செய்யும் முறையும் வகுக்கப்பட்டுள்ளது. குரங்கினங்களுக்கோ தனி விதி உண்டு. அவை முப்பத்தொரு நாள் தனிமைப்படுத்தப்படுதல் வேண்டும்.

நோய் விரைந்து பரவும்போது பத்திரத்துக்காகக் காத்திருக்கலாமா என ஆராய்ச்சியாளர் சிலர் குறைகூறுவதுண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை. தாமதமும் சில வேளை உயிரைக் குடிக்கும். ஆயினும் இவ்விதி கண்மூடித் தடுப்பதன்று. கிருமி கொல்லப்பட்டு, தொற்றும் தன்மை நீங்கிய பொருளுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. நோய்க்கிருமி உண்டென்ற சந்தேகம் இல்லாத மாதிரிக்கு இறக்குமதி செய்பவரின் அத்தாட்சிக் கூற்றே போதுமானது. ஆபத்து எங்கு மிகுதியோ அங்குதான் விசாரணையும் மிகுதி.

அனுமதிப்பத்திரம் ஒன்றே எல்லாவற்றையும் காத்துவிடும் என எண்ணுதலும் தவறு. 1957இல் உலகெங்கும் பரவிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட இன்புளுவென்சா வைரசு, 1968இன் பின் மக்களிடையே மறைந்துபோயிற்று. அதன்பின் பிறந்தோருக்கு அதனை எதிர்க்கும் சக்தி இல்லை. அத்தகைய வைரசு, ஆய்வுகூடங்களின் திறமையைச் சோதிக்கும் பொதிகளில் இடம்பெற்று, பதினெட்டு நாடுகளிலுள்ள ஆயிரக்கணக்கான ஆய்வுகூடங்களுக்குச் சென்றது. பெற்றவர்களோ தம் கையிலிருப்பது இன்ன வகை என்பதை அறியார். 2005ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கனடாவின் ஆய்வுகூடம் ஒன்று உண்மையைக் கண்டறிந்தது. உலக சுகாதார நிறுவனம் அம்மாதிரிகளை அழிக்குமாறு கோரியது. நல்வேளையாக எவரும் நோயுற்றதாகத் தெரியவில்லை. பொதியினுள் இருப்பது யாதென அனுப்புபவர் தெளிவாக எழுதாவிடின், பெறுபவர் எவ்வளவு கவனமாயிருந்தும் பயன் என்ன?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர் பெரியோர். அந்த அணையை எழுப்புபவர் அதிகாரி மட்டுமல்லர். மெய்யை எழுதும் அனுப்புநரும், பொறுப்பை ஏற்றுக் கையொப்பமிடும் பெறுநரும், விதியை வழுவாது நிறைவேற்றும் உத்தியோகத்தரும் ஒருங்கே நின்று கட்டும் அணை அது. பொதியை முதலிற் பிரிப்பவர் பெரும்பாலும் பெயர் அறியப்படாத ஓர் ஊழியர். மாலையில் அவர் நலமாக வீடு திரும்புவது, அவர் ஒருகாலும் கண்டிராத அவர்களது நேர்மையைப் பொறுத்தே இருக்கின்றது.