யோசேப்புக்கு வேலை கொடுத்தவர்



பிளஸ் டூ தேர்வு முடிந்துவிட்டது. "அடுத்து என்ன படிக்கலாம்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் எழுகிறது. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலுள்ள வீட்டில் இன்னொரு கேள்வியும் சேர்ந்து எழுகிறது: "படித்தாலும் பெயின்ட் அடிக்கத்தானே போகணும்?"

1983-க்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இவர்கள். பலர் இங்கேயே பிறந்தவர்கள். நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள். ஆனால் குடியுரிமை இல்லாததால் அரசுப் பணித் தேர்வுகள் பெரும்பாலும் இவர்களுக்கு எட்டுவதில்லை.

ஆகவே, வழிகாட்டும்போது உண்மையைச் சொல்வோம். "கலெக்டர் ஆகலாம்" என்று வெறுமனே ஆசை காட்டுவது அன்பு ஆகாது. "உனக்கு வழியே இல்லை" என்பதும் பொய். கணக்குப்பதிவு, கணினி, எலக்ட்ரீஷியன் தொழில் எனத் தனியார் துறையில் திறமைக்கு இடமுண்டு.

திருக்குடும்பமும் எகிப்தில் அகதியாக வாழ்ந்ததை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். அங்கே தச்சரான யோசேப்புக்கு யாரோ ஒருவர் வேலை கொடுத்திருப்பார். அவர் பெயர் நற்செய்தியில் இல்லை. ஆனால் அந்தக் கூலியில்தான் குழந்தை இயேசு பசியாறியிருப்பார்.

கடையும் பட்டறையும் நடத்துவோரே, முகாம் பிள்ளை வேலை கேட்டு வந்தால், முகவரியைப் பார்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள். பெற்றோரே, வழிகாட்டுதல் கூட்டத்திற்கு உங்கள் பிள்ளையோடு முகாமிலுள்ள அவன் தோழனையும் கூட்டிச் செல்லுங்கள்.

யோசேப்புக்கு வேலை கொடுத்தவரின் மனதை ஆண்டவர் நமக்கும் தருவாராக. ஆமென்.