மலையின் இதயம்

 

இழந்த குலச்செல்வத்தைத் தேடி நிலத்தடிக்குச் செல்லும் கதைகள் பலவுண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். 1937ஆம் ஆண்டு வெளிவந்த, டோல்கீனின் 'தி ஹாபிட்' என்னும் புதினமே அது.

தனிமலை ஒன்றின் அடியில் குள்ளர்கள் அரசமைத்து வாழ்ந்தனர். மலையின் அடியாழத்தில் அகழ்ந்தபோது அவர்களுக்கு ஒளிமணி ஒன்று கிடைத்தது. 'ஆர்க்கன்ஸ்டோன்' என்பது அதன் பெயர். 'மலையின் இதயம்' என்றும் அதனைப் போற்றினர். பின்னர் ஸ்மாக் என்னும் டிராகன் வந்து அந்நகரை அழித்தது, பொற்குவியலின்மீது படுத்துக்கொண்டது. நாடிழந்த அரச மரபினனான தோரின், பன்னிரண்டு குள்ளர்களையும் பில்போ என்னும் சிற்றுருவ ஹாபிட்டையும் உடன்கொண்டு அச்செல்வத்தை மீட்கப் புறப்படுகிறான்.

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். பழஞ்சொற்களை அகழ்ந்தே அவர் இக்கதையை ஆக்கினார் எனலாம். குள்ளர்களின் பெயர்களுள் பெரும்பாலானவை 'வோலுஸ்பா' என்னும் பழைய நார்ஸ் மொழிப் பாடலில் உள்ளவை. மணியின் பெயரோ, அருமணியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லொன்றை ஒட்டியது. டிராகனின் புதையலிலிருந்து கிண்ணம் களவாடப்படும் நிகழ்ச்சி, 'பேவுல்ஃப்' காப்பியத்திலும் உண்டு.

ஆயினும், கதையின் உண்மையான சோதனை மணி கிடைத்த பிறகே தொடங்குகிறது. ஏரி நகர வீரன் பார்டின் அம்புக்கு ஸ்மாக் இரையாகிறது. அதற்குள் அந்நகரம் எரிந்துபோகிறது. வீடிழந்த மக்கள் புதையலில் பங்கு கேட்கின்றனர். தோரின் மறுக்கிறான். மலை முற்றுகையிடப்படுகிறது. இதற்கிடையே மணியைக் கண்டெடுத்த பில்போ, அதன் ஒளியில் மயங்கி, ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தான். போர் மூளும் நிலை கண்டதும், ஓர் இரவில் அதனைப் பார்டிடம் கொண்டுசென்று கொடுக்கிறான். மணியைக் காட்டியேனும் தோரினை உடன்பாட்டுக்குக் கொண்டுவரலாம் என்பது அவன் எண்ணம்.

பில்போ செய்தது துரோகமா, நட்பா? மாணவர்களிடம் இவ்வினாவைக் கேட்டுப் பாருங்கள். என் விடையைச் சொல்கிறேன். மணியைக் கொடுத்தபின் அவன் தப்பியோடவில்லை; தோரினின் சினத்தை எதிர்கொள்ளத் தன் தோழர்களிடமே திரும்பினான். துரோகி திரும்பி வருவதில்லை.

பின்னர் மூண்ட பெரும்போரில் படுகாயமுற்ற தோரின், இறக்கும் தறுவாயில் பில்போவிடம் தன் கடுஞ்சொற்களைத் திரும்பப் பெறுகிறான். மலையடியில் அவனை அடக்கம் செய்கையில் பார்ட் அம்மணியை அவன் மார்பின்மீது வைக்கிறான். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே மீள்கிறது. தேடிப் பெற்றதை எப்போது கைவிட வேண்டும் என்று அறிந்தவனே உயிரோடு வீடு திரும்புகிறான். இந்தத் தேடற்கதை நமக்கு உணர்த்துவது இதுவே.