மேலைநாட்டு இடைக்காலமும் நம் சோழர் காலமும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

யான் புலவனல்லன், சரித்திரப் பேராசிரியனுமல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இருப்புப்பாதை அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கேடுகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தன். அத்தகைய என்னை இம்மேடைக்கு ஏற்றிவிட்டது என் மகள் கேட்ட ஒரு கேள்வியே.

பள்ளிப் பாடத்தில் இடைக்கால ஐரோப்பாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவள், "அப்பா, அந்த ஊர்க் குடியானவர்களைப் போல நம் ஊரிலும் நிலத்தோடு கட்டுண்ட ஆட்கள் இருந்தார்களா?" என்று வினவினாள். "அப்படியெல்லாம் நம்மிடம் கிடையாது அம்மா, நம்மிடம் குடவோலைத் தேர்தலே இருந்தது" என்று சட்டென்று கூறிவிட்டேன். கூறிய பின்னர், சரிபாராத பட்டியலில் கையொப்பமிட்டவனைப் போல் மனம் உறுத்தியது. விடுமுறை நாட்களில் நூல் நிலையத்திற்குச் சென்று படித்தவற்றையே இங்குச் சொல்ல வந்துள்ளேன்.

முதலில் மேலை நாட்டைச் சிறிது பார்ப்போம். 476இல் மேற்கு உரோமைப் பேரரசு வீழ்ந்தது முதல் ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டு வரை உள்ள காலத்தை அவர்கள் இடைக்காலம் என்பர். மன்னனுக்குக் கீழ்ப் பிரபுக்கள், அவர்களுக்குக் கீழ்ப் போர் வீரர்கள், அடியில் உழவர். உழவருள் பெரும்பாலோர் தம் பிரபுவின் இசைவின்றி ஊரை விட்டு அகல இயலாது. நிலம் கைமாறினால் அவர்களும் கைமாறுவர். வாரத்தில் சில நாட்கள் பிரபுவின் வயலில் கூலியின்றி உழைக்க வேண்டும். விளைச்சலில் பத்திலொரு பங்கு திருச்சபைக்குச் சேர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக உரோமாபுரியில் போப்பாண்டவர் இருந்தார். ஆயர்களை நியமிக்கும் உரிமை மன்னனுக்கா, போப்புக்கா என்று பெரும் பூசல் மூண்டது. 1077ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், சபை விலக்குப் பெற்ற ஜெர்மானிய மன்னன் நான்காம் ஹென்றி, கனோசாக் கோட்டை வாயிலில் பனியில் மூன்று நாட்கள் மன்னிப்புக் கேட்டுக் காத்து நின்றான். உள்ளே இருந்தவர் ஏழாம் கிரிகோரி போப்பாண்டவர். அதே 1077இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் அடங்கிய தூதுக்குழுவொன்று சீனத்து அரசவைக்குச் சென்றது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். நம் கப்பல்கள் கடல் கடந்துகொண்டிருந்த காலம் அது.

நம் நாட்டில் கனோசாவைப் போன்ற காட்சி ஏன் நேரவில்லை? நம் மன்னர்கள் பக்தியில் மிக்கவர்கள் என்று விடை கூறினால் அது போதாது. நம்மிடம் ஒரு போப்பு இல்லை. எல்லாக் கோயில்களையும் ஆளும் ஒரே தலைமைப் பீடம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலை 1010இல் நிறைவேற்றிய இராசராசன் தானே கோயிலைக் கட்டினான். தானே பொன்னும் நிலமும் தந்தான். தானும் தன் தமக்கை குந்தவையும் அளித்தவற்றைக் கல்லில் வெட்டுவித்தான். கோயிலோடு அவன் மோத வேண்டியதில்லை. கோயில் வழியாகவே அவன் ஆண்டான்.

கணக்கு எழுதுகிறவனுக்கு அக்கோயிற் கல்வெட்டுகள் அமுதம். நாட்டியமாடும் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் எந்தெந்த ஊரினின்று வந்தனர், எந்தச் சிறகில் எத்தனையாம் வீட்டில் குடியிருந்தனர் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். அவற்றை மேய்ப்பவன் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் சாகும், ஈனும். எண்ணிக்கை மட்டும் குறையலாகாது. ஆகையால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மேலை நாட்டுத் திருச்சபை வட்டி வாங்குவதைப் பாவமென்று விலக்கியிருந்த காலத்தில், தஞ்சைக் கோயிற் பணம் ஊர்ச்சபைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டியில் கொடுக்கப்பட்டது. அந்த வட்டியினின்று பூசையும் விளக்கும் நடந்தன. காஞ்சிக்கு அருகே திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்தில், கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் இருந்தது.

நில அளவையிலும் ஓர் ஒப்புமையைக் கண்டு வியந்தேன். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் நாடு முழுதும் நிலக்கணக்கு எடுப்பித்தது 1086இல். நம் முதற் குலோத்துங்கன் நிலத்தை மறுபடி அளப்பித்ததும் ஏறத்தாழ அதே ஆண்டில்தான். இருவரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். வரி வாங்க வேண்டுமென்றால் அளக்கத்தானே வேண்டும்!

இனிக் குடவோலைக்கு வருகிறேன். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை. ஊரை 30 குடும்புகளாக வகுத்து, தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று குழுக்கள் அமைத்தனர். முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கலாகாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன் ஆகியோரும் நிற்கலாகாது! இவ்விதியைப் படித்தபோது என் தொழிலின் பெருமையை எண்ணி மெய்சிலிர்த்தேன். இன்று எத்தனை குடும்பங்கள் தேறும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

ஆனால், பெரியோர்களே, அதே கல்லில் பிற தகுதிகளும் உள. கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். உத்தரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பெண்கள் இல்லை, உழுகுடிகள் இல்லை, கூலியாட்கள் இல்லை. 1215இல் ஜான் மன்னனிடம் ஆங்கிலப் பிரபுக்கள் பெற்ற மகாசாசனமும் பெரும்பாலும் அவர்களுக்கும் கட்டற்ற குடிகளுக்குமே உதவிற்று. கட்டுண்ட உழவனுக்கு அதனால் கிடைத்தது சொற்பம். இரண்டையும் போற்றலாம், இரண்டையும் மக்களாட்சி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது முறையன்று. அந்தத் தவற்றை யான் செய்தேன்.

தஞ்சைக் கல்வெட்டுகளில், வரி நீக்கிய இடங்களின் பட்டியலில், ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. கோயிலைக் கட்டிய கைகளின் ஊர் எங்கிருந்தது என்பதை அந்தப் பட்டியலே காட்டுகிறது. 1201இல், மூன்றாம் குலோத்துங்கன் காலத்துப் பஞ்சத்தில், திருப்பாம்புரத்தில் ஒரு வேளாளன் தன் இரண்டு பெண்மக்களோடு கோயிலுக்குத் தன்னை 110 காசுக்கு விற்றுக்கொண்டான். இதுவும் கல்லில் உள்ளது. நிலத்திற்குரியவன் என்று மதிக்கப்பட்ட குலத்தானுக்கே அக்கதியென்றால், சேரியிலிருந்தவனுக்கு என்ன கதி? அவன் விற்றதைக் கல்லில் எழுதவேண்டிய அவசியம்கூட எவருக்கும் நேர்ந்திராது.

இன்னொரு சொல்லையும் கேளுங்கள். சோழர் கல்வெட்டுகளில் வரிப்பெயர்களுக்கு நடுவே 'வெட்டி' என்று ஒன்று வருகிறது. கூலியின்றிச் செய்யும் கட்டாய உழைப்பு அது. மேலைநாட்டு உழவன் பிரபுவின் வயலில் செய்ததும் அதுவே. நாம் இன்று "வெட்டி வேலை", "வெட்டிப் பேச்சு" என்று சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் யாருடைய முதுகு வளைந்திருக்கிறது என்று எண்ணுவதில்லை.

நாம் குடியேறியிருக்கும் இந்தத் தெலங்கானா மண்ணில் அச்சொல் நேற்றுவரை உயிரோடிருந்தது. நிஜாம் ஆட்சியில் தொரமார் தம் மாளிகைகளுக்குக் குடிகளிடம் கூலியின்றி வாங்கிய வேலைக்கு 'வெட்டிச் சாகிரி' என்றே பெயர். 1946 முதல் 1951 வரை நடந்த உழவர் போராட்டத்திற்கு அதுவும் ஒரு காரணம். சலவைத் தொழிற்குடியில் பிறந்த சாகலி ஐலம்மா, பாலகுர்த்தியில் விசுனூர் தேசமுக்கை எதிர்த்து நின்று தன் நிலத்து விளைச்சலைக் காத்துக்கொண்டார். அதே பாலகுர்த்திதான், நம் கண்ணப்பர் முதலிய அடியார் கதைகளைத் தெலுங்கில் 'பசவ புராணம்' ஆகப் பாடி, சாதி வேற்றுமையைச் சாடிய பால்குரிகி சோமநாதர் பிறந்த ஊர் என்றும் கூறுவர். காஜிப்பேட்டை செல்லும் வண்டியில் சனகாமத்தில் இறங்கினால் அவ்வூருக்குப் போகலாம். எத்தனை முறை அந்த நிலையத்தைக் கடந்து சொந்த ஊருக்குப் பயணச்சீட்டு இல்லாத கவலையோடு போயிருப்பேன்! ஒருமுறையும் இறங்கியதில்லை.

என் அண்டை வீட்டுத் தெலுங்கு மூதாட்டியாரிடம் இச்சொல்லைப் பற்றிக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் தாயார் கைக்குழந்தையை வரப்பில் கிடத்திவிட்டுத் தொரயின் வயலில் நடவு நட்டதையும், பாலூட்டக் கரையேற அனுமதி கேட்டு நின்றதையும் கூறினார். "அந்தக் குழந்தை நான்தான்" என்றார்.

மகளை அழைத்து, "அன்று நான் சொன்னது தவறு அம்மா, இருந்தார்கள்" என்றேன். "அப்படியானால் குடவோலை பொய்யா?" என்றாள். "அதுவும் மெய்தான்" என்றேன். அவள் இரண்டையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

நாடகக் குழுவினர் ஒப்பனையோடு காத்திருக்கின்றனர். செயலாளர் அவர்களும் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இத்துடன் அமர்கிறேன்.