போட்டோவில் பழைய காசு: எதைக் கண்டுபிடிக்கலாம், எதை முடியாது?

(பாளையங்கோட்டையில் செல்போன் பயன்படுத்தும் பொதுமக்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம திருநெல்வேலிப் பக்கம் பணத்தைத் 'துட்டு' என்றுதான் சொல்வோம். அந்தச் சொல் டச்சுக்காரர்களின் 'டுயிட்' என்ற செப்புக்காசிலிருந்து வந்தது. 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக் கம்பெனியின் காசு அது. சின்னக் காசு, மூன்று கிராம் சொச்சம்தான் இருக்கும். ஒரு பக்கம் வி, ஓ, சி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் பின்னிய முத்திரை, அதன் கீழே ஆண்டு. மறுபக்கம் ஹாலந்துச் சிங்கம் மாதிரி ஏதாவது ஒரு மாகாணச் சின்னம்.

இந்தக் காசின் போட்டோ முதல் தடவை எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தபோது, "வ.உ.சி. கப்பல் கம்பெனி வெளியிட்ட காசு, விலை 2 லட்சம்" என்று எழுதியிருந்தார்கள். நானும் ஒரு நிமிஷம் நம்பினேன். பாளையங்கோட்டையில் வளர்ந்தவளுக்கு அந்த மூன்றெழுத்தைப் பார்த்தால் வ.உ.சி. மைதானம்தானே ஞாபகம் வரும்? அப்புறம் படத்தைப் பெரிதாக்கி ஆண்டைப் பார்த்தேன். பதினேழு நூறு என்று ஆரம்பித்தது. சிதம்பரனார் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906இல். டச்சுக் கம்பெனியோ 1799ஆம் ஆண்டு முடிவிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. கதை அங்கேயே உடைந்துபோச்சு.

போட்டோவால் இதைச் செய்ய முடியும். ஒரு பொய்யைப் பொய் என்று காட்ட முடியும். ஆனால் ஒரு காசு அசல்தான் என்று போட்டோவை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. எடை தெரியாது, உலோகம் தெரியாது, தட்டினால் வரும் சத்தம் கேட்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் எங்கள் வீட்டிலேயே பணம் போயிருக்கிறது.

என் பெரியம்மா ஒரு நாள் போன் பண்ணினார்கள். "ஏட்டி, அஞ்சு ரூவா துட்டுல வைஷ்ணவ தேவி படம் இருந்தா அஞ்சு லச்சம் தாரானாம்லா. நம்மகிட்ட ரெண்டு கெடக்கு!" நான் வேலையில் இருந்தேன், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த 'அப்புறம்' மூன்று நாள் ஆகிவிட்டது. அதற்குள் போட்டோ அனுப்பி, அடுத்த நிமிஷமே "ஒரிஜினல்" என்று பதில் வந்து, ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட ஒரு 'சான்றிதழ்' வந்து, பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி., கூரியர் இன்சூரன்ஸ் என்று மொத்தம் 18,350 ரூபாய் ஜிபேயில் போய்விட்டது.

அந்தக் காசு பொய்யில்லை. 2012 என்று ஆண்டு பொறித்த, அரசு வெளியிட்ட நினைவு நாணயம்தான். அதைக் கொடுத்தால் கடையில் ஐந்து ரூபாய்க்குச் சாமான் கிடைக்கும். பொய்யாக இருந்தது வாங்குகிறேன் என்று சொன்ன ஆள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது: பழைய நோட்டு, காசு வாங்குவது விற்பது எதிலும் வங்கி ஈடுபடுவதில்லை, அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை, தன் சார்பில் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கவும் இல்லை. விற்பவரிடமே முன்பணம் கேட்கும் வியாபாரம் எங்கேயாவது உண்டா? கத்தரிக்காய் வாங்க வருகிறவர் விவசாயியிடம் பணம் கேட்பாரா?

சரி, இப்போது வாங்குபவர் பக்கம் வருவோம். உங்களுக்கு யாரோ ஒரு படம் அனுப்பி, வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். முதலில் கண்ணை எழுத்திலும் ஆண்டிலும் வையுங்கள். விக்டோரியா வெள்ளி ரூபாயில் 1876 வரை 'குயின்' என்றும் 1877 முதல் 'எம்ப்ரெஸ்' என்றும் இருக்கும். 1862 என்று போட்டு 'எம்ப்ரெஸ்' இருந்தால் அதற்கு மேல் யோசிக்க வேண்டியதே இல்லை. இன்னொன்று, ராமர் பட்டாபிஷேகம், அனுமார், லட்சுமி என்று ஒரு பக்கம் சாமி படம், மறுபக்கம் ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஹாஃப் அணா, 1818'. பூஜை அறையில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று விற்கிறார்கள். கம்பெனி சாமி உருவமே போட்டதில்லை என்று நான் சொல்லவில்லை. மதராஸில் அடித்த வராகன் பொற்காசில் விஷ்ணு உருவம் உண்டு. ஆனால் ராமர் போட்ட 1818 அரையணா என்று ஒரு காசைக் கம்பெனி வெளியிடவே இல்லை. அது பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற வில்லை. அரிசியை இழுக்கும் செப்புக்காசு, இரிடியம் கலந்த காசு என்று வருபவற்றைப் பற்றி இங்கே பேசி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. படத்தைப் பார்க்காமலே அழித்துவிடுங்கள்.

எழுத்து, ஆண்டு சரியாக இருந்தால் அடுத்தது தேய்மானம். கை மாறி மாறிப் புழங்கிய காசில் மேடான இடம்தான் முதலில் தேயும். விக்டோரியா ரூபாயில் கிரீடம், காதுக்கு மேலே உள்ள முடி, உடையின் பூவேலை. அதனால் முகம் வழவழப்பாகி, ஓரத்து எழுத்து கூர்மையாக இருந்தால் இயல்பு. இதுவே தலைகீழாக இருந்தால், அதாவது முகத்தில் ஒவ்வொரு முடியும் தெரிகிறது, எழுத்து மட்டும் மெழுகு உருகின மாதிரி மழுங்கி இருக்கிறது என்றால், அச்சில் அடிக்காமல் அச்சு எடுத்து வார்த்த காசாக இருக்கலாம். வார்ப்புக் காசின் பரப்பில் குண்டூசி குத்தின மாதிரி குழிகள் தெரியும். எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஒரே ஆள் ஒரே ஆண்டுக் காசு மூன்று நான்கு வைத்திருந்தால், எல்லாப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் கன்னத்தில் அதே இடத்தில் அதே கீறல் இருந்தால், எல்லாம் ஒரே வார்ப்பிலிருந்து பிறந்தவை. தனித்தனியாக நூறு வருஷம் புழங்கிய காசுகளுக்கு ஒரே இடத்தில் காயம் படாது.

நிறமும் பேசும். பழைய வெள்ளியில் பள்ளத்தில் கறுப்பு தங்கி மேடு வெளுத்திருக்கும். பள்ளமும் மேடும் ஒரே மாதிரி பளபளத்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள். நம்ம ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள்: புளி, பீதாம்பரி, தேங்காய் நார்! குத்துவிளக்குக்கு அது சரி. காசில் அப்படித் தேய்த்தால் பரப்பில் ஒரே திசையில் மெல்லிய கோடு கோடாக விழுந்துவிடும். சேகரிப்பாளர்கள் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுவார்கள். செம்பில் பிடித்த களிம்பையும் சுரண்டாதீர்கள். காசின் உச்சியில், விளிம்பில், சின்னப் புடைப்போ ஒட்டுப் போட்ட தடமோ தெரிந்தால் அது ஒரு காலத்தில் காசுமாலையில் கிடந்தது என்று அர்த்தம். போலி இல்லை, ஆனால் மதிப்பு குறையும்.

விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: இரண்டு பக்கமும், விளிம்பும், தராசின் மேல் வைத்த படமும். விளிம்பைப் படம் எடுக்கத் தயங்குகிறவரிடம் எனக்குச் சந்தேகம் வரும், ஏனென்றால் வார்ப்புக் காசில் இரண்டு பாதி சேர்ந்த கோடு அங்கேதான் தெரியும். வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, 11.66 கிராம். தேய்ந்த காசு கொஞ்சம் குறையலாம்; ஒன்பது, பத்து என்று காட்டினால் வேண்டாம். நீங்களே படம் எடுப்பதானால் பிளாஷைப் போடாதீர்கள். காலை நேரத்தில் ஜன்னல் பக்கம் வெள்ளைத் தாளில் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி, போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோகாமல் கொஞ்சம் ஜூம் செய்து எடுங்கள். வந்த படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்ப்பதும் நல்லது. வேறு ஊர்க்காரர் காசின் படத்தையே எடுத்து அனுப்பியிருப்பது அங்கே வெளிப்படும்.

கூட்டத்தில் ஓர் அண்ணாச்சி கேட்டார்: "தோட்டத்துல குழி வெட்டும்போது செம்புக்காசு ஒரு கலயம் நெறைய கெடச்சா, போட்டோ போட்டு வெல கேக்கலாமா?" கேட்கக்கூடாது. 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கலெக்டருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது. கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீஸுக்கு எழுத்தில் கொடுங்கள். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் ஆள் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அசல் காசு எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். நம்ம ஊரிலேயே பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. காப்பாட்சியரிடம் காசைக் காட்டி என்ன காலத்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். உடனே 1930க்குப் போன் பண்ணுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கி நிறுத்தி வைக்க முடியும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பெரியம்மா, "ஊருக்குத் தெரிஞ்சா சிரிப்பாவ" என்று மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. புகார் பதிவாகி இருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை.

புகார் கொடுத்துவிட்டு வந்த அன்று பெரியம்மா பீரோவைத் திறந்து இன்னொரு காசை எடுத்துக் காட்டினார்கள். 1862 விக்டோரியா ரூபாய், அவர்கள் மாமியார் கொடுத்தது. அதையும் போட்டோவுக்காகப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். எதிர்முனையில் இருந்தவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1862 என்று ஆண்டு போட்டே அடுத்த பத்து வருஷமும் அடித்ததால் அது அபூர்வமும் இல்லை. தெரு முனை நகைக்கடையில் எடை போட்டோம். 11.58 காட்டியது. "அப்போ இது நெசந்தானா?" என்று கேட்டார்கள். எடை சரியாக இருக்கிறது, விளிம்பும் சரியாக இருக்கிறது, இனிமேல் தேய்க்காதீங்க பெரியம்மா என்றேன். தாளில் மடித்து மறுபடி பீரோவில் வைத்துவிட்டார்கள்.